இரவல் இருக்கை

2009 அக்டோபர் 10, சனிக்கிழமை. நள்ளிரவு நெருங்கிவிட்டது. ஃப்ளோரிடா மாநிலத்தின் தலைநகர் டல்லஹாசி. டோக் கேம்பெல் ஸ்டேடியத்துக்கு வெளியே, புல்தரையில் போட்டிருந்த பார்க்கிங்கில் நகராத கார் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தோம். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஜார்ஜியா டெக்கிடம் 49-44 என்று தோற்றிருந்தது. 44 புள்ளி எடுத்துத் தோற்பது, நம் ஊர்க் கணக்கில் நானூறு ரன் அடித்துவிட்டுத் தோற்பது மாதிரி. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், வயது 78. பக்கத்தில் நான், வயது 27. நான் சொன்னேன்: "எண்பது வயசுல அவரால என்ன சார் செய்ய முடியும்? மைதானத்துல என்ன நடக்குதுன்னே அவருக்குத் தெரியலை. யாராவது அவர்கிட்ட இருந்து சாவியைப் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பணும்."

அவர் என்பது பாபி பௌடன். 1976 முதல் அந்த அணியின் தலைமைக் கோச். அடுத்த மாதம் எட்டாம் தேதி அவருக்கு எண்பது நிறைகிறது.

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார். "நீ ஓட்டு. ராத்திரியில் எதிர்வெளிச்சம் எனக்குக் கண்ணைக் கூசுது" என்று சாவியை என் கையில் வைத்தார். சாவி சூடாக இருந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. தூக்கம் வருகிறதுபோல என்று நினைத்துக்கொண்டு அவருடைய பழைய ப்யூக்கை ஓட்டி வந்தேன். வழியெல்லாம் பேசவும் செய்தேன்.

இந்த அபிப்பிராயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2006-ல் பிஎச்.டி படிக்கப் போனேன். அவர் வீட்டின் பின்பக்கத்து அறை வாடகைக்குக் கிடைத்தது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர்களிடம் இரண்டு சீசன் டிக்கெட் இருந்தன. அந்த அம்மாளின் டிக்கெட் எனக்கு வந்தது. அலுமினிய பெஞ்சில் வைத்து உட்கார அவர்கள் பயன்படுத்திய கருஞ்சிவப்புத் திண்டும் கூடவே வந்தது. ஓரத்தில் நூல் பிரிந்து, வேறு நிற நூலால் கையால் தைத்திருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவரே அதை எடுத்து வந்து, தட்டி, என் இடத்தில் போடுவார். உள்ளே போகுமுன் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அவித்த வேர்க்கடலை சாப்பிடுவோம். வடக்கு ஃப்ளோரிடாவில் சாலையோரத்தில் பெரிய அண்டாவில் தோலோடு உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து விற்பார்கள். அமெரிக்காவில் எனக்குப் பிறந்த ஊரை நினைவூட்டிய முதல் தின்பண்டம் அதுதான்.

அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வதில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது என்பதே எனக்கு முதல் நாள்தான் தெரியும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. இதை அவர் ஒரு டிஷ்யூ பேப்பரில் கோடு போட்டு விளக்கினார். முதல் வருடம் முழுக்க அவர் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். குதிரைமேல் ஒருவர் எரியும் ஈட்டியோடு வந்து மைதானத்தின் நடுவில் குத்துவதைப் பார்க்கவே டிக்கெட் காசு செரிக்கும். டிக்கெட் காசு என்னுடையது இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த 2006 நவம்பரில் வேக் ஃபாரஸ்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகம் இதே மைதானத்தில் 30-0 என்று அடித்துவிட்டுப் போனது. பௌடன் காலத்தில் சொந்த மைதானத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் அணி தோற்றது அதுதான் முதல் தடவை. தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர் அவருடைய மகன் ஜெஃப். மகன் என்பதால்தான் வைத்திருக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இந்த ஒரு புகார் மட்டும் எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. சில நாளில் மகன் ராஜினாமா செய்தார். நானும் அன்று முதல் கருத்துச் சொல்லத் தொடங்கினேன்.

கருத்துகளுக்கு டல்லஹாசியில் பஞ்சமே இல்லை. முடிவெட்டுபவர் சொன்னார், 1999-ல் இரண்டாவது தேசியப் பட்டம் ஜெயித்தாரே, அன்றே மாலையோடு போயிருக்க வேண்டும். லேபில் ஒருவன் சொன்னான், பென்சில்வேனியாவில் ஜோ பேட்டர்னோ இன்னும் கோச்சாக இருக்கிறார், மொத்த வெற்றிக் கணக்கில் அவரை முந்துவதற்காகத்தான் இந்தக் கிழவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ரேடியோவுக்குப் போன் செய்தவர்கள் வருடம், மாதம், தேதியே குறித்துக் கொடுத்தார்கள். ஸ்டேடியத்தில் பௌடனுக்குச் சிலை வைத்து, மைதானத்துக்கும் அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள், இரண்டும் 2004-ல். தன் சிலையைத் தாண்டித் தினம் வேலைக்குப் போகிற மனிதர் என்று ஒருவர் கிண்டலடித்தார். அதை நான் பலரிடம் என் சொந்தச் சரக்காக விற்றேன்.

எனக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1994-ல் கபில்தேவ் ஹாட்லியின் சாதனையைத் தாண்ட ஒவ்வொரு விக்கெட்டாகத் தேடி ஓடி, அகமதாபாத்தில் 432-ஐ எடுத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. "இந்த ஆளு எப்பப் போவாரு?" என்று தெருவில் கத்திச் சொன்னவன் நான். அப்போது நான் போட்ட பந்து எதுவும் பிட்சில் விழுந்ததில்லை.

நியாயமாகப் பார்த்தால், பௌடன் போக வேண்டும் என்றவர்களிடம் சரக்கு இருந்தது. கல்லூரிக் கோச்சின் பாதி வேலை மைதானத்தில் இல்லை, பையன்களின் வீடுகளில் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனின் தாயிடம் சமையலறையில் உட்கார்ந்து, "உங்க பிள்ளையை நாலு வருஷம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பௌடன் இதில் மன்னர். ஆனால் எழுபத்தெட்டு வயதில் அவர் அதைச் சொல்லிவிட்டுப் போனதும், போட்டிப் பல்கலைக்கழகத்தின் ஆள் வந்து, "நாலு வருஷம் அவர் இருப்பாரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அது போதும். அதனால்தான் 2007 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்பவரை அடுத்த கோச் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். 2011 தொடக்கத்துக்குள் பதவி வராவிட்டால் அவருக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மாப்பிள்ளையைக் கூட்டி வந்து திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே கல்யாணத் தேதி பேசாமல் இருப்பதுபோல இரண்டு வருடம் நடந்தது. 1987-லிருந்து 2000 வரை பதினான்கு வருடம் தொடர்ந்து நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் முடித்த அணி, 2006-லும் 2007-லும் ஏழு வெற்றி, ஆறு தோல்வி.

இவ்வளவும் தெரிந்துதான் பேசினேன். எனக்குத் தெரியாதது, பக்கத்து இருக்கையில் இருந்தவர் எங்கிருந்து எண்ணத் தொடங்கினார் என்பது. 1973-ல் இதே அணி பதினொரு ஆட்டம் ஆடிப் பதினொன்றிலும் தோற்றது. அடுத்த வருடம் ஒரே ஒரு வெற்றி. அதற்கடுத்த வருடம் மூன்று. இந்த மூன்று வருடமும் அவரும் அவர் மனைவியும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகுதான் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து பௌடன் வந்தார். அங்கே 1974-ல் ஆட்டம் கெட்டபோது அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பௌடனே சொல்லிச் சிரித்த ஒரு விஷயம் உண்டு. அலபாமாவில் கார்களில் 'ஆபர்னைத் தோற்கடி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களாம். மேற்கு வர்ஜீனியாவில் 'பிட்ஸ்பர்கைத் தோற்கடி'. இங்கே வந்து பார்த்தால் 'யாரையாவது தோற்கடி'.

நான் வந்தது 2006-ல். என் கணக்கில் அவர் சரிந்துகொண்டிருக்கும் கிழவர், அவ்வளவுதான்.

ஜார்ஜியா டெக் ஆட்டத்துக்கு அடுத்த வாரம் ப்யூக் வெளியே போகவில்லை. நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஆர்லாண்டோவிலிருந்து மகள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் ப்யூக்கிலும் கணவர் தங்கள் காரிலுமாகக் கிளம்பினார்கள். கிளம்பும்முன் என் அறைக் கதவைத் தட்டினார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. ரெண்டு வருஷமா நானும் தம்பியும் அப்பாகிட்ட மன்றாடுறோம். தபால்பெட்டியை ரெண்டு தடவை இடிச்சிருக்கார். காரை விடுங்கன்னு சொல்ல வாய் வராது, சொன்னா அழுகை வந்துடும். நீங்க எப்படிச் சொன்னீங்க?"

அப்போதுதான் உறைத்தது. வாசலில் நின்றபடி நான் என்ன செய்தேன் தெரியுமா? புன்னகை செய்தேன். "சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்" என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

என் வாயிலிருந்து வந்தது தப்பான யோசனை இல்லை என்பதுதான் இதில் சங்கடம். அவர் இரவில் கார் ஓட்டியிருக்கக் கூடாதுதான். பெற்ற பிள்ளைகள் இரண்டு வருடம் தொண்டையில் வைத்துக்கொண்டு தவித்த வாக்கியத்தை, வாடகைக்கு இருந்தவன், அவர் மனைவியின் திண்டில் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற சாக்கில், கடலைத்தோலைத் துப்புகிறமாதிரி துப்பிவிட்டான். எனக்கு அதில் ஒன்றும் செலவாகவில்லை.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் முதல் தேதி, பௌடன் விலகுவதாக அறிவிப்பு வந்தது. அவருக்கு இன்னும் ஒரு வருடம் இருக்க ஆசை. பல்கலைக்கழகத் தலைவர் டி.கே. வெதரெல் பேசிப் பார்த்த பிறகுதான் முடிவு. அந்த வெதரெல் மாணவனாக இதே அணிக்கு ஆடியபோது, உதவிக் கோச்சாக அவருக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் பௌடன். அந்த அறையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ரேடியோவுக்குப் போன் செய்த எவரையும் அந்த அறையில் உட்காரவைத்திருந்தால் தேதி வாயில் வந்திருக்காது. பௌடனுக்கு ஓய்வைப் பற்றி ஒரு பயமும் இருந்தது, வெளிப்படையாகவே சொல்வார். அலபாமாவின் பெரும் கோச் பேர் பிரையன்ட் 1982 டிசம்பர் 29-ல் கடைசி ஆட்டம் ஆடவைத்தார், நான்கே வாரத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். ஓய்வுக்குப் பிறகு ஒருவனுக்குப் பெரிய நிகழ்ச்சி ஒன்றுதான் பாக்கி என்று பௌடன் ஜோக் அடிப்பார். இதை நான் ஜோக்காகவே கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

2010 ஜனவரி முதல் தேதி ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல் ஆட்டம், அவருக்குக் கடைசி. எதிரணி, கொடும்பாவி தொங்கவிட்ட அதே மேற்கு வர்ஜீனியா. என் பழைய கொரோலாவில் வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். இரண்டரை மணி நேரப் பயணத்தில் அவர் 1973-ஐப் பற்றிப் பேசினார். நான் அன்றுதான் முதல்முறையாகக் குறுக்கே பேசாமல் கேட்டேன். ஆட்டத்துக்குமுன் எரியும் ஈட்டியைப் பௌடனே மைதானத்தில் குத்தினார். 33-21. ஆட்டம் முடிந்ததும் பையன்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். வீட்டுக்காரர் கைதட்டவில்லை. திண்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வசந்தத்தில் டிக்கெட் புதுப்பிக்கும் படிவம் வந்தபோது அதை நிரப்பாமல் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். படிப்பு முடிந்து நான் அட்லாண்டாவுக்குப் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

கடைசியாக அவரோடு ஆட்டம் பார்த்தது 2013 அக்டோபர் 26. முதியோர் குடியிருப்புக்கு மாறியிருந்தார், ஸ்டேடியத்துப் படி ஏற முடியாது. நாலரை மணி நேரம் ஓட்டிப் போனேன், வழியில் அவித்த கடலை வாங்கிக்கொண்டு. அன்று பௌடன் திரும்பி வருகிறார். புதியவர் மேல் தன் நிழல் விழக் கூடாது என்று அத்தனை வருடம் ஒதுங்கியிருந்தவர். டிவியில் அவர் ஈட்டியோடு நடந்து வந்தார், 83 வயது. ஸ்டேடியமே எழுந்து கத்தியது. அந்தக் கூட்டத்தில் தேதி குறித்தவர்கள் பாதிப்பேராவது இருந்திருப்பார்கள். ஃபிஷரின் அணி முதல் கால்பகுதியிலேயே 35-0 என்று முந்தியது. அந்த சீசன் முடிவில் தேசியப் பட்டமும் வாங்கியது.

நான்கு வருடமாக மனசில் வைத்திருந்ததை ஈடுகட்ட நினைத்தேனோ என்னவோ, சொன்னேன்: "அவருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கலாம் சார்."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அபத்தம். மூணு வருஷம் முன்னாடியே போயிருக்கணும். வேக் ஃபாரஸ்ட் ஆட்டத்தன்னைக்கே நான் என் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்."

"நீங்க ஒரு நாளும் சொல்லவே இல்லையே?"

"சொல்ல அங்கே ஆள் நிறைய இருந்தாங்களே" என்று கடலைப் பையை என் பக்கம் நகர்த்தினார்.