கதைக்கும் ஓர் இஸ்னாது

பாட்காஸ்ட் எனும் வலையொலியில் பிள்ளைகள் பேய்க் கதையும் விண்வெளிக் கதையும் கேட்கிறார்களே, தகுமா எனப் பெற்றோர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். ஜின் கதை கேட்டு வளர்ந்த நமக்குக் கதை புதிதன்று. சொல்பவர் யார், கதையென்கிறாரா செய்தியென்கிறாரா என்பதே நாம் வினவத்தக்கது.

1938 அக்டோபர் 30 இரவு, அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் எனும் 23 வயது இளைஞர், ஆங்கிலேய எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' புதினத்தைச் செய்தியறிக்கை போன்ற நாடகமாக ஒலிபரப்பினார். நாடகமென்று தொடக்கத்திலேயே அறிவித்தனர். இடையில் கேட்கத் தொடங்கியோரில் சிலர், செவ்வாய்க் கோளினர் இறங்கிவிட்டதாக நம்பி அஞ்சினர். மறுநாள் நாளேடுகளோ நாடே நடுங்கியதாக எழுதின. அது மிகையென்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். நாடகம் ஓரிரவு ஏமாற்றியது. விசாரியாமல் பரப்பிய செய்தி பல்லாண்டுகள் ஏமாற்றியது.

2005இல் தொடங்கிய 'எஸ்கேப் பாட்' எனும் அறிவியல் புனைகதை வலையொலியில், எழுதியவர் பெயரையும் வாசிப்பவர் பெயரையும் சொல்கின்றனர். ஹதீஸ் கலையின் இஸ்னாது எனும் அறிவிப்பாளர் வரிசைக்கு அது ஈடாகாது. ஆயினும் சொன்னவரை மறைக்காத நேர்மை அதில் உண்டு.

ஆகவே பெற்றோரே, கருவியைப் பறிக்குமுன் அருகமர்ந்து கேளுங்கள். வயதுக்கு ஒவ்வாத கொடூரமாயின் விலக்குங்கள். ஏனையவற்றில், "இதைச் சொன்னவர் யார்?" என வினவப் பழக்குங்கள். கதையில் படிந்த அவ்வழக்கம், நாளை வதந்தி வரும்போது அவர்களைக் காக்கும், இன்ஷா அல்லாஹ்.