ஆமா வீட்டுக் களி

2024-ஆம் ஆண்டு மே மாதம், தில்லியிலிருந்து மாணவர் அறுவர் நேபாளத்திற்குத் தொண்டுப்பணிக்குச் சென்றோம். கோரக்பூர் வரை ரயில், சுனௌலி எல்லைக்கு அப்பால் பேருந்து, கடைசியில் கால்நடை. நாங்கள் தங்கியது கோர்க்கா மாவட்டத்து மலைச் சிற்றூர் ஒன்று. 2015 ஏப்ரல் 25-இல் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தின் மையம் அந்த மாவட்டந்தான். அதன்பின் அப்பகுதியில் பல ஊற்றுகள் வற்றிப்போயின. எஞ்சிய ஊற்றுகளின் நீரைச் சோதிப்பதும், குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவதும் எங்கள் வேலை.

நாலாம் நாள் இரவு ஒரு வீட்டில் விருந்துக்கு அழைத்தார்கள். வீட்டுக்காரர் தில்லியில் பல ஆண்டு காவல் வேலை பார்த்தவர். இந்தி சரளமாகப் பேசினார். அவர் மனைவியை எல்லாரும் 'ஆமா' என்றார்கள். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. எதைக் கேட்டாலும் மறுக்காதவர் என்று என் தமிழ்ச் செவிக்குப் பட்டது!

சோறு, பருப்பு, கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திக் காய்ச்சும் குந்த்ருக் சாறு எல்லாம் வந்தன. "போதும்" என்ற சொல் அங்கே செல்லவில்லை. உண்டு முடித்துக் கை கழுவப் போனபோது அடுப்பங்கரையைப் பார்த்தேன். ஆமாவும் பேத்தியும் கருநிறமான வேறொன்றை உண்டுகொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் ஆமா முந்தானையால் தட்டை மூடிக்கொண்டார்.

"அது டிண்டோ, கோதோ மாவில் கிண்டுவது. அரிசி விருந்தாளிக்கு, இது எங்களுக்கு" என்றார் வீட்டுக்காரர், தலை குனிந்தபடி.

கோதோ என்றால் கேழ்வரகு! தாவரவியல் மாணவனாகிய நான் அதன் லத்தீன் பெயரை அறிவேன். நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டென்று தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணம் நினைவுக்கு வந்தது வேறு. தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என் பெற்றோர். தில்லிப் பள்ளியில் அம்மா கட்டித்தந்த களியை, சக மாணவர் பார்க்காமல் நானும் இப்படித்தான் மூடினேன். பல நாள் நாய்க்குப் போட்டுவிட்டு, "சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னேன்.

"எனக்கும் கொஞ்சம் கொடுங்கள், ஆமா" என்றேன். கேலி செய்கிறேனோ என்று அவர் தயங்கினார். பின் ஓர் உருண்டை வைத்தார். விரலால் கிள்ளி, சாற்றில் தோய்த்து, பல்லில் படாமல் விழுங்கினேன். களி தின்னத் தெரிந்தவன் என்று கண்டதும் ஆமா வாய்விட்டுச் சிரித்தார். கேட்காமலே இன்னோர் உருண்டை விழுந்தது. மூடிய தட்டும் திறந்தது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் பழைய குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அம்மா நிமிராமலே சொன்னாள்:

"எனக்கு அப்பவே தெரியும், கண்ணு. அதனாலதானே ரொட்டி சுடக் கத்துக்கிட்டேன்."

அன்றிரவு களி கிண்டச் சொன்னேன். விடுதி நண்பர்கள் நால்வரையும் அழைத்திருந்தேன்.