நுரை வரவில்லை

கேஸ் கசிகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: சோப்பு நுரை. குழாய் சேருமிடங்களில் தடவினால், கசிவு இருந்தால் குமிழ் கிளம்பும். ஊட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறையில் கேஸ் கீசர் அடிக்கடி அணைந்துபோக ஆரம்பித்ததும் முதலில் அதைத்தான் செய்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. வாசனையும் இல்லை. பிறகு செல் மாற்றினேன். தண்ணீர் நுழையும் இடத்து வலையைக் கழற்றி மண்ணைத் தட்டினேன். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளேயிருக்கும் ரப்பர் தகட்டைத் தள்ளும், ‘டக் டக்’ என்று பொறி தெறிக்கும், பர்னர் பற்றிக்கொள்ளும். இவ்வளவு தெரிந்தவன் மெக்கானிக்குக் காசு கொடுப்பானா?

சுடர் மட்டும் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடியது. மேல் தகட்டில் கரி. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

“குளிச்சிட்டு வந்தா தலை பாரமா இருக்குடா” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பித்தம் என்று நானே முடிவுகட்டி இஞ்சி மரப்பா வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு காலையில் உள்ளே ‘தொப்’பென்று சத்தம். நல்லவேளை, அம்மாவுக்குத் தாழ்ப்பாள் போடும் பழக்கம் கிடையாது. கீசரை அணைத்துவிட்டு, புடவையைச் சுற்றி அவளைக் கூடத்துக்கு இழுத்து வந்து ஜன்னல்களைத் திறந்தேன். மெல்லக் கண் விழித்தாள். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 98. “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

தண்ணீர்க் குழாயை மூடத் திரும்பப் போனேன். உள்ளே ஆவி கலையாமல் அப்படியே நின்றது. இது ஏன் வெளியே போகவில்லை என்று நிமிர்ந்து பார்த்தேன். வெண்டிலேட்டரில் வெள்ளையாகத் தெர்மோகோல். நான்கு ஓரத்திலும் பழுப்பு டேப், சுருக்கமில்லாமல். அம்மாவுக்குக் குளிர்காற்று படக் கூடாதென்று மார்கழிப் பிறப்பில் ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டியது நான்தான். கீசர் மக்கர் பண்ணத் தொடங்கியது எப்போதிலிருந்து என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். கை அதைப் பிய்த்தது. டேப் லேசில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் 98 என்று நான் பெருமையாகச் சொன்னதை டாக்டர் காதிலேயே வாங்கவில்லை. காற்று போதாமல் எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ வாசனையோ கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம். ரத்தம் எடுத்தார்கள், மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கசிந்த கேஸைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். எரிந்த கேஸை யார் நினைத்தார்கள்?

மெக்கானிக் கீசரைத் திறக்கக்கூட இல்லை. “இதை மொதல்ல வெளியே மாட்டணுங்க. உள்ளே பைப் மட்டும் வந்தா போதும்” என்றார். மாட்டினோம். சுடுதண்ணீர் வர இப்போது கொஞ்சம் நேரமாகிறது.

கட்டுக் கையோடு இருந்த அம்மாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், “பிரஷர் இறங்கிடுச்சு, தலை சுத்தி விழுந்துட்டேன்” என்றே அவள் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று காபி கொடுத்தேன்.