நம் முகங்களை எந்த மையில் அச்சிடுவது?

புதுச்சேரியில் குடியிருப்புகளுக்குப் போகும்போது பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன்: ஒரு தலைமுறைக்கே ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படம். அதைப் போனில் எடுத்து, வெளிக் கம்பெனி மை ஊற்றிய இங்க்ஜெட்டில் பிரிண்ட் போடுகிறார்கள். பாட்டியின் முகம் பச்சையடித்து வருகிறது. வெயில் படும் சுவரில் மாட்டினால் சீக்கிரமே வெளுத்தும் விடுகிறது. "ஒரிஜினல் மை இல்லையே, அதான்" என்கிறார் கடைக்காரர்.

'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்' என்று பிறப்பை வைத்துத் தரம் பிரிக்கும் பேச்சு நமக்குப் புதிதல்ல. மையைப் பிறப்பை வைத்து அல்ல, உள்ளே இருப்பதை வைத்துப் பார்ப்போம்.

சாதாரண பிரிண்டர் சாம்பல் நிறத்தை நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளையும் கலந்தே உண்டாக்குகிறது. அந்த மைகளின் அடர்த்திக்கு ஏற்ப மென்பொருள் அமைக்கப்பட்டிருக்கும். வேறு மை ஊற்றினால் கணக்கு பிசகி பச்சையோ ஊதாவோ எட்டிப்பார்க்கும். வெளுப்பதற்குக் காரணம் வேறு. சாய மை வெளிச்சத்தில் சிதையும். கார்பன் நிறமி மை அவ்வளவு எளிதில் சிதையாது.

கார்பன் என்றால் புகைக்கரிதான். ஓலைச்சுவடியில் கீறிய எழுத்துகளில் தடவியது அதைத்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலுள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. நம்மை வாசலில் நிறுத்திய கோயில்களின் ஆகமங்கள் கரியில் நிலைத்திருக்கின்றன; நம் பாட்டி மட்டும் சாயத்தில் கரைய வேண்டுமா?

அமெரிக்காவில் ஜான் கோன் உருவாக்கிய 'பீசோகிராஃபி'யும் பிரிண்டர் கம்பெனியின் மை அல்ல. வண்ண மைகளை எடுத்துவிட்டு, அடர்கறுப்பு முதல் இளஞ்சாம்பல் வரை பல படிகளில் கார்பன் மை நிரப்பும் முறை அது. அந்தப் படிகள் நமக்கு முக்கியம். கறுத்த முகத்தின் கன்னமும் சுருக்கமும் படத்தின் இருண்ட பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே படிகள் இல்லாவிட்டால் முகம் வெறும் கரித்திட்டு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவில் பென்சில் தீட்டி நம்மை வெளுப்பாக்கினார்கள். இன்று மோசமான பிரிண்ட் நம்மை அழிக்கிறது.

அவ்வளவு செலவு முடியாது என்றால், கடையில் இதையாவது கேளுங்கள்: கறுப்பு மை நிறமியா, சாயமா? நிறமி என்றால் கிரேஸ்கேலில், மேட் தாளில் போடச் சொல்லுங்கள். பளபளப்புத் தாளில் அது ஒட்டாமல் உரியும். முதலில் சின்னதாக ஒரு பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சொந்த பிரிண்டரில் சாயத்தையும் நிறமியையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள், ஹெட் அடைத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 14க்கு அண்ணல் படத்தோடு நம் தெருப் பெரியவர்களின் படங்களையும் வையுங்கள். அடுத்த தலைமுறையும் பார்க்கிற மையில் வையுங்கள்.

ஜெய்பீம்.