உள்ளே விடும் புரதம், வெளியே தள்ளும் புரதம்

துத்தநாகம் என்றால் தகரக் கூரைக்குத் துருப்பிடிக்காமல் பூசுவது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்த பிறகுதான் அது மூளைக்குள்ளும் இருப்பதைப் படித்தேன்.

அது செல்லுக்குள் தானாக நுழைவதில்லை. உள்ளே விட ஜிப் என்ற குடும்பத்தில் 14 புரதங்கள்; வெளியேற்றவும் பைகளில் ஒதுக்கவும் இசட்என்டி குடும்பத்தில் 10. அதில் மூன்றாவது, ஹிப்போகாம்பஸ் நரம்பு முனைகளின் நுண்பைகளில் துத்தநாகத்தை நிரப்புகிறது. செல்கள் பேசிக்கொள்ளும்போது குளூட்டமேட்டோடு அதுவும் வெளியே கொட்டுகிறது. உடனே அப்புறப்படுத்தியாக வேண்டும். செல்லுக்குள் மிஞ்சினால் செல்லையே கொல்லும். வெளியே தேங்கினால் அமிலாய்டைத் திரளவைக்கும்.

அந்த மூன்றாவது புரதம் இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் 3 மாதம்வரை வழி கற்றுக்கொண்டன. 6 மாதத்தில் தடுமாறின. தீனியில் துத்தநாகம் இருந்தது. எடுத்துவைக்கத்தான் ஆளில்லை.

"ஜிங்க் மாத்திரை குடுத்துப் பாருப்பா" என்கிறார் சித்தி. "டாக்டர்கிட்ட கேக்காம வேணாம் சித்தி" என்று நிறுத்திவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்துப் பெயரைத் தேடும்போது, அது உள்ளேதான் எங்கோ இருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை என்று தோன்றும். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.