தென்துருவ ஒளி: கண்ணும் காமிராவும்

1773 பிப்ரவரியில் கேப்டன் குக்கின் ‘ரெசல்யூஷன்’ கப்பல் தென்கடலின் பனிப்பாறைகளுக்கிடையே சென்றுகொண்டிருந்தபோது, இரவு வானில் ஒளித்தூண்கள் எழுந்தன. கப்பலிலிருந்த ஜார்ஜ் ஃபார்ஸ்டர் அவற்றை வெண்ணிற ஒளி என்றே எழுதிவைத்தார். 2024 மே மாதப் பெரும் காந்தப் புயலின்போது டாஸ்மேனியாவில் எடுத்த படங்களிலோ அதே தென்துருவ ஒளி செக்கச் சிவந்திருக்கிறது! “எல்லாம் கம்ப்யூட்டர் பூசிய சாயம்” என்று நண்பர் ஒருவர் தீர்ப்புக் கூறிவிட்டார். இயற்பியல் மாணவனான எனக்கு அது உறுத்தியது.

சூரியனிலிருந்து ஓயாது வீசும் மின்துகள் காற்று பூமியின் காந்தப்புலத்தைக் கலக்குகிறது. அங்கே வேகம் பெறும் எலக்ட்ரான்கள் துருவப் பகுதிகளில் இறங்கிக் காற்றணுக்களோடு மோதுகின்றன. மோதுண்ட ஆக்சிஜன் அணு தரும் பச்சை ஒளியின் அலைநீளம் 5577 ஆங்ஸ்ட்ராம், சிவப்பினது 6300. பச்சை ஒரு விநாடிக்குள் வெளிப்பட்டுவிடும். சிவப்புக்கோ ஏறக்குறைய இரண்டு நிமிடப் பொறுமை வேண்டும்! அடர்ந்த காற்றில் அதற்குள் வேறோர் அணு வந்து இடித்து ஆற்றலைப் பறித்துவிடும். ஆகவே பச்சை 100 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் மலர, சிவப்புக்கு 200 கிலோமீட்டருக்கு மேலே, ஆளரவமற்ற இடத்தில்தான் வாழ்வு. டாஸ்மேனியாவிலிருந்து தெற்கே நோக்குவோர்க்குப் பூமியின் வளைவு கீழேயுள்ள பச்சையை மறைத்துவிட, சிவந்த உச்சி மட்டும் தெரிவதும் உண்டு.

மங்கிய ஒளியில் நம் விழித்திரையில் வேலை செய்பவை கோல் வடிவ செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. சிவப்பு ஏறத்தாழப் புலப்படவே செய்யாது. காமிராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் துளையை முழுதும் திறந்து, ஒரு விண்மீனைப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்து, 10, 15 விநாடி விட்டுவிட்டால், அது ஒளியைச் சிறுவாடுபோலச் சேர்த்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அந்தச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. ஆனால் துள்ளி ஆடும் பச்சைக் கதிர்களுக்கு 15 விநாடி ஆகாது. மடிப்பெல்லாம் குழைந்து கஞ்சியாகிவிடும். 3, 4 விநாடியே போதும். சிவப்பு நிதானமானது, சற்று நீண்டாலும் தாங்கும்.

நிறமாலைமானியை அந்த வானத்தின்பால் திருப்பினால் 6300 கோடு அங்கேதான் நிற்கிறது. 5577 கோட்டை 1925-இல் மெக்லெனனும் ஷ்ரமும் டொராண்டோ ஆய்வுக்கூடத்திலேயே ஆக்சிஜனிலிருந்து எழுப்பிக் காட்டினர். அன்று ஏது கம்ப்யூட்டர்? நிறத்தை வேண்டுமென்றே ஏற்றிக் காட்டுவோரும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. படத்தின் அடியில் எத்தனை விநாடி என்று எழுதாமல் விடுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு.