மெதுவாக ஓட்டச் சொன்னது நாங்கள்தான்



பாடசாலைத் தொழினுட்பக் கூடத்தில் புகை வந்ததாகப் போன கிழமை ஊரில் ஒரு கதை உலாவியது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் கூடத்துக்குப் பொறுப்பான நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து இங்கே எழுதுகிறோம். நெருப்புப் பிடிக்கவில்லை. யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு பிள்ளைக்கு எங்களால் அநியாயமாக ஏச்சு விழுந்தது.

எங்களிடம் இருப்பது 3018 என்கிற சின்ன சிஎன்சி மெஷின். 300க்கு 180 மில்லிமீற்றர் இடத்துக்குள் செதுக்கும். பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்தது. நூலகத்துக்கு மஹோகனியில் ஒரு பெயர்ப்பலகை செய்யத் தொடங்கினோம். 3 மில்லிமீற்றர் பிட், அதில் இரண்டு வெட்டு விளிம்பு. உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிற மாணவன் ஒருவன்தான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான்.

"புது மெஷின், கவனம். மெதுவா விடு மகன்" என்று சொன்னது நாங்கள். நகரும் வேகத்தை நிமிடத்துக்கு 150 மில்லிமீற்றர் என்று போட வைத்ததும் நாங்கள். மூன்றாவது எழுத்தில் கருகல் வாசம் வந்தது. பிறகு நூல் மாதிரிப் புகை. வெட்டின இடம் கறுத்துப் போனது, பிட் மழுங்கிவிட்டது.

"சேர், வேகத்தக் கூட்டினாச் சரிவரும் போல இருக்கு" என்றான். "இருக்கிற மற்றப் பிட்டையும் உடைக்கப் போறியா?" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டோம். அடுத்த நாள் அவன் கூடத்துப் பக்கம் வரவில்லை.

வந்தது அவனுடைய வாப்பா. அவர் ஓடாவி. சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் மெஷினுக்குக் கீழே கிடந்த தூளைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது வெட்டினதில்ல சேர், உரசினது. சீவுளிய அழுத்தாமப் புடிச்சா சீவல் வராது, சூடுதான் வரும்" என்றார்.

அவர் போன பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மெஷினின் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10000 சுற்று. 3 மில்லிமீற்றர் பிட்டின் சுற்றளவு 9.4 மில்லிமீற்றர். ஆகவே அதன் விளிம்பு நிமிடத்துக்கு 94 மீற்றர் ஓடுகிறது. 6 மில்லிமீற்றர் பிட் போட்டால் அதே சுற்றில் 188 மீற்றர். விளிம்பு இவ்வளவு வேகமாக ஓடும்போது பிட் முன்னே போகாவிட்டால், அது ஒரே இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கும்.

நகரும் வேகத்தைச் சுற்றாலும் விளிம்புகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால், ஒரு விளிம்பு ஒரு தடவையில் எடுக்கும் சீவலின் தடிப்பு வரும். 150ஐ 20000ஆல் வகுத்தால் 0.0075 மில்லிமீற்றர். கொப்பித் தாளின் தடிப்பே ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அவ்வளவு மெல்லியதை விளிம்பால் பிடித்து வெட்ட முடியாது, உரசத்தான் முடியும். நல்ல சீவல் போகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். தூளாக உரசினால் சூடு பிட்டிலும் பலகையிலும் தங்கிவிடும்.

0.03 மில்லிமீற்றர் சீவல் வேண்டுமென்று வைத்தோம். 10000ஐ இரண்டாலும் 0.03ஆலும் பெருக்கினால் 600. வேகத்தை நான்கு மடங்கு கூட்டினோம், ஆழத்தை ஒரு தடவைக்கு அரை மில்லிமீற்றராகக் குறைத்தோம். புகை இல்லை. சின்னச் சின்னச் சீவலாக விழுந்தது. பிட்டும் உடையவில்லை.

ஊரில் வீட்டிலேயே இந்த மெஷின் வைத்திருக்கிற தம்பிமாருக்குச் சில விடயங்கள்:

வேகத்தைக் கண்மூடிக் கூட்டவும் கூடாது. இந்த மெஷினின் உடம்பு பலமில்லாதது. அதிரத் தொடங்கினால், அல்லது மோட்டாரின் சத்தம் இறங்கினால், முதலில் ஆழத்தைக் குறையுங்கள்.

சுற்றைக் குறைத்தாலும் சீவல் தடிக்கும். ஆனால் சின்ன மோட்டாருக்குச் சுற்றுக் குறைந்தால் பலமும் குறையும்.

அக்ரிலிக் என்றால் ஒரு விளிம்புப் பிட்தான் நல்லது. சூடேறினால் அது உருகிப் பிட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எம்டிஎஃப் பலகையில் எப்படியும் தூள்தான் வரும். அதில் தூளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கருகல் வாசம் வருகிறதா என்று கவனியுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது, முகக்கவசம் போடுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மெஷின் ஓடும்போது அதை விட்டு எழும்பிப் போகாதீர்கள்.

இனி அந்த மாணவன் விடயம். அவன் சொன்னது சரி, நாங்கள் சொன்னது பிழை. எல்லோருக்கும் முன்னால் ஏசினதால், போன வியாழக்கிழமை எல்லோருக்கும் முன்னாலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பிள்ளைகள் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு "பரவால்ல சேர்" என்றான். ஏச்சு விழுந்த கதை பல வீடுகளுக்குப் போயிருக்கும். மன்னிப்புக் கேட்ட கதையும் அதே வீடுகளுக்குப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

பெயர்ப்பலகையின் மிச்ச எழுத்துக்களை அவனே செதுக்கி முடித்தான். கருகின மூன்றாவது எழுத்தைத் தேய்த்து அழிக்கலாம் என்றோம். அவனுடைய வாப்பா, "கிடக்கட்டும் சேர், பார்த்துப் படிக்கிறதுக்கு" என்றார். அப்படியே மாட்டியிருக்கிறோம்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கூடம் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளோடு வாருங்கள்.